உதிர்ந்த மான் கொம்புக்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா?

ஆட்டுக் கொம்பும் மாட்டுக் கொம்பும் முளைத்தால் கடைசிவரை கூடவே இருக்கும். மான் கொம்பு அப்படியில்லை, ஆண்டுதோறும் விழுந்து ஆண்டுதோறும் புதிதாக முளைக்கும். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் மியூல் மான்கள் பெரும்பாலும் ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் கொம்பை உதிர்க்கின்றன. உருவத்தில் பெரிய எல்க் மான்கள் மார்ச், ஏப்ரலில் உதிர்க்கின்றன. அந்தக் கொம்புகளைத் தேடி அரசு நிலங்களில் மலையேறுவது அங்கே பலருக்குப் பொழுதுபோக்கு, சிலருக்கு வருமானம். நாய்க்குக் கடிக்கப் போட, சரவிளக்கு செய்ய, கத்திக்குப் பிடி போட என்று வாங்க ஆள் இருக்கிறது. நிறம் மங்காத எல்க் கொம்பு ஒரு பவுண்டு பத்து டாலருக்கு மேல் போகும்.

கொலராடோவுக்குக் குடிவந்த பிறகு நானும் சில மே மாதங்களில் நண்பர்களோடு போயிருக்கிறேன். முதன்முதலில் கையில் எடுத்த கொம்பு இன்னும் நினைவிருக்கிறது. அடிப்பக்கம் மணிமணியாகச் சொரசொரப்பு, தண்டு முழுக்க மரப்பட்டை போல் பழுப்பு, நுனி மட்டும் தேய்ந்து தந்தம்போல் வெளுப்பு. ஒரு கிளையில் எலி கொறித்த வரிப்பள்ளங்கள். விழுந்த கொம்பு எலிக்கும் முள்ளம்பன்றிக்கும் சுண்ணாம்புச் சத்து. அதைப் பார்த்த பிறகு எல்லாவற்றையும் அள்ளி வர எனக்கு மனம் வந்ததில்லை.

சரி, இதற்கு அனுமதிச் சீட்டு வேண்டுமா? ஒவ்வொரு மாநிலமும் ஒவ்வொரு வழியில் போயிருக்கிறது. அவற்றை ஒப்பிடுவதற்கு முன் கெடுதல் எங்கே நடக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

ஒரு மார்ச் மாதம் சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு எதிர்ச் சரிவைத் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சேஜ் புதர்களுக்கு நடுவே ஏழு பெட்டை மான்கள் படுத்திருந்தன. கீழிருந்து இரண்டு பேர் ஏறி வந்தார்கள். மான்கள் ஓடவில்லை, எழுந்து மேல்நோக்கி நடந்தன. வயிறு வரை பனி. பத்தடி வைப்பதும் நிற்பதுமாக இருந்தன. கடைசியில் போன மானுக்கு விலா எலும்பை எண்ணலாம். குளிர்காலக் கடைசியில் அவை உயிர் வாழ்வது இலையுதிர் காலத்தில் சேர்த்த கொழுப்பில்தான். பெட்டைகள் சினையாக வேறு இருக்கும். அந்தச் சரிவை ஏறிய செலவை ஈடுகட்ட அப்போது அங்கே தீனி கிடையாது.

அந்த இருவரும் கொம்பு தேடி வந்தவர்களா, சும்மா நடக்க வந்தவர்களா, எனக்குத் தெரியாது. மானுக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியென்றால் கொம்பு தேடுபவர்களை மட்டும் ஏன் கட்டுப்படுத்த வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. நடக்க வருபவர் பெரும்பாலும் பாதையிலேயே போய்த் திரும்புவார். கொம்பு தேடுபவர் பாதையை விட்டு விலகி, பனி முதலில் உருகும் வெயில் சரிவுகளைக் குறுக்கும் நெடுக்குமாக அலசுவார். மான்கள் ஒண்டியிருப்பதும் அதே சரிவுகளில்தான்.

ஆகவே கெடுதல் செய்வது கொம்பை எடுப்பதைவிட, எடுக்கும் காலம். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கொலராடோவின் வழிதான் எனக்கு முதலிடம். 2018 முதல் அங்கே, மாநிலத்தை வடக்கு தெற்காகக் கடக்கும் ஐ-25 நெடுஞ்சாலைக்கு மேற்கே உள்ள பொது நிலம் எதிலும் ஜனவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை கொம்பு பொறுக்கத் தடை. சீட்டு எதுவும் கிடையாது, நாள் கணக்கு மட்டும்தான். கன்னிசன் பள்ளத்தாக்குப் பகுதியில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். மே 1 முதல் 15 வரை சூரியன் மறைந்ததிலிருந்து மறுநாள் காலை 10 மணி வரை அங்கே பொறுக்கக் கூடாது. அது கன்னிசன் சேஜ் குரௌஸ் என்ற அரிய பறவையின் ஆண்கள் விடியலில் கூடி நடனமாடும் பருவம். எந்த வேளையில் தொந்தரவோ அந்த வேளையை மட்டும் மூடுகிறார்கள். நான் பார்த்ததில் இவ்வளவு யோசித்து எழுதிய விதி வேறில்லை.

யூட்டா பல ஆண்டுகள் வேறு வழியில் போனது. பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 15 வரை கொம்பு பொறுக்க வேண்டுமானால் இணையத்தில் ஒரு இலவச நெறிமுறைப் பாடத்தை முடித்து, அந்தச் சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. இலவசம் என்பதால் யாருக்கும் சுமையில்லை, மான்களைப் பற்றி நாலு விஷயமும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் சான்றிதழ் இருந்தால் மான் மெலிந்து கிடக்கும் பிப்ரவரியிலேயே சரிவில் ஏறலாமே! 2023 குளிர்காலம் கடுமையானபோது பாடம் போதாது என்றாகிவிட்டது. பிப்ரவரியிலேயே மாநிலம் முழுக்க ஏப்ரல் 30 வரை தடை போட்டார்கள். அதே குளிர்காலத்தில் பக்கத்து மாநிலமான வயோமிங்கின் வயோமிங் ரேஞ்ச் மலைப்பகுதியில், கழுத்துப் பட்டை மாட்டிக் கண்காணித்த மியூல் மான் குட்டிகள் கிட்டத்தட்ட அத்தனையும் செத்துப்போயின.

வயோமிங்கில் நாள் கணக்கும் உண்டு, கட்டணமும் உண்டு. மாநிலத்தின் மேற்குப் பகுதியில் ஜனவரி முதல் ஏப்ரல் முடிய தடை. மே 1 அன்று ஜாக்சன் ஊரை ஒட்டிய காட்டு நிலம் திறக்கும்போது வண்டிகள் வரிசை கட்டி நிற்கும். முன்பு நள்ளிரவிலேயே திறந்துகொண்டிருந்தார்கள், பிறகு காலை 6 மணி என்று மாற்றினார்கள். 2023இல் வந்த சட்டப்படி வெளி மாநிலத்தவர் ஒரு வாரம் பொறுத்து மே 8 அன்றுதான் வர முடியும், அதோடு 21.50 டாலருக்கு வனவிலங்குப் பாதுகாப்புக்கான கட்டண வில்லை (ஸ்டாம்ப்) ஒன்றையும் வாங்க வேண்டும். இதில் எனக்குச் சம்மதம் பாதிதான். அந்தக் காடுகளில் பெரும்பகுதி கூட்டரசின் நிலம், தொலைவில் உள்ள ஓஹையோ மாநிலத்துக்காரரின் வரியும் அதில் இருக்கிறது. கூட்டத்தைப் பிரித்துவிட்டால் நெரிசல் குறையும் என்பது சரி. அதற்காக உள்ளூர்க்காரருக்குச் சீட்டே வேண்டாம் என்பது எப்படிப் பொருந்தும்? கட்டணம் ஆளைத் தடுக்கும் என்றும் நான் நம்பவில்லை. பெரிய எல்க் கொம்பு ஒன்றை விற்றாலே வில்லைக் காசு திரும்பி வந்துவிடும்.

முழுத் தடையும் ஒரு வழிதான். யெல்லோஸ்டோன் போன்ற தேசியப் பூங்காக்களில் கொம்பை எடுக்கவே கூடாது. இந்தியாவிலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தானாக விழுந்த மான் கொம்பை வீட்டில் வைத்திருப்பது குற்றம். கொம்புக்கு விலை வைத்தால் உயிருள்ள மானையே சுடுவார்கள் என்ற பயம் இந்தியாவில் நியாயமானது. மேற்கு அமெரிக்காவில் உரிமத்தோடு வேட்டையாடுவது சட்டப்படி நடப்பதால் அந்தக் காரணம் அங்கே அவ்வளவு ஒட்டாது. ஜாக்சனை ஒட்டிய தேசிய எல்க் புகலிடத்திலும் பொதுமக்கள் தொடக் கூடாது. அங்கே சாரணச் சிறுவர்கள் பொறுக்கி, மே மாதம் ஊர்ச் சதுக்கத்தில் ஏலம் விடுகிறார்கள். வருவதில் 75 விழுக்காடு புகலிடத்துக்கே போகிறது. அருமையான ஏற்பாடு. ஆனால் எல்லையும் காவலும் உள்ள ஓரிடத்தில் நடப்பதை லட்சக்கணக்கான ஏக்கர் திறந்த நிலத்துக்கு நீட்ட முடியாது.

அப்படியானால் சீட்டே வேண்டாமா? வேண்டும் என்றுதான் சொல்வேன், நாள் கணக்குக்குத் துணையாக. காரணம் ஒரு திருட்டு வேலை. ஏப்ரலிலேயே உள்ளே போய்ப் பொறுக்கிப் புதருக்கடியில் குவித்து மறைத்துவிட்டு, மே 1 காலை நல்லபிள்ளையாக வந்து சுமந்து போகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் தேதி விதியில் அவர்களைக் கையும் களவுமாகத்தான் பிடிக்க வேண்டும். அத்தனை மலைக்கும் காவலர் ஏது? பெயரோடு ஒரு சீட்டு இருந்தால், ஒருமுறை பிடிபட்டவரின் சீட்டை அடுத்த சில ஆண்டுகளுக்கு ரத்து செய்யலாம். 2023 போல் குளிர்காலம் நீண்டால், திறப்பு தள்ளிப்போகிறது என்று எல்லோருக்கும் ஒரே நாளில் செய்தி அனுப்பலாம்.

அந்தச் சீட்டு இலவசமாக இருக்கட்டும், இல்லையென்றால் ஐந்து டாலருக்குள். யூட்டா பாணிப் பாடத்தையும் அதோடு சேர்த்துவிடலாம். குலுக்கல் முறையோ எண்ணிக்கை வரம்போ வேண்டாம். அப்பாவோடு மலையேறி முதல் கொம்பைக் கண்டெடுக்கும் குழந்தைக்குக் குலுக்கலில் பெயர் விழவில்லை என்று சொல்ல என்னால் முடியாது. பொறுக்கி விற்பவருக்கு மட்டும் தனி உரிமம், கூடுதல் கட்டணம். அந்தப் பணம் காவலர் சம்பளத்துக்கே போக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். இதில் எதை விட்டுக்கொடுக்க நேர்ந்தாலும் ஏப்ரல் 30 என்ற எல்லையை மட்டும் விடக் கூடாது.