ஸ்மோக்கி மலையில் அக்டோபர்: டிரெய்லரா, கூடாரமா, கேபினா?

அக்டோபரில் அமெரிக்காவின் ஸ்மோக்கி மலைக்குப் போக வேண்டுமென்றால் பேச்சை ஏப்ரலிலேயே எடுத்துவிட வேண்டும். கிரேட் ஸ்மோக்கி மவுன்டன்ஸ் தேசியப் பூங்காவில் முகாம் இடங்களுக்கு ஆறு மாதம் முன்பே பதிவு தொடங்கிவிடுகிறது. இலை நிறம் மாறும் வாரக்கடைசிகள் அதிக நாள் காத்திருக்காது. எங்கள் அட்லாண்டா கோஷ்டியில் நாலு குடும்பம், 11 பேர். வருடா வருடம் அதே சண்டைதான்: டிரக்கின் பின்னால் படுக்கையும் சமையலறையும் உள்ள டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவதா, வீடே வண்டியான மோட்டார் ஹோமா, கூடாரமா, இல்லை பேசாமல் பூங்கா வாசலில் இருக்கும் கேட்லின்பர்க் ஊரில் கேபின் (வாடகை மரவீடு) எடுப்பதா? இப்போது நாலையும் பார்த்தாயிற்று.

கேபினைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பெரிய சமையலறை, சூடான படுக்கை, வாசலில் வெந்நீர்த் தொட்டி. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தாலோ, கைக்குழந்தை இருந்தாலோ மறுபேச்சில்லாமல் கேபின்தான். ஆனால் காலையில் எழுந்து காட்டுக்குப் போக, ஊருக்குள் ஊர்ந்து நகரும் கார் வரிசையில் நிற்க வேண்டும். அக்டோபர் வாடகையும் கையைக் கடிக்கும்.

கூடாரம் மலிவு. பூங்காவுக்குள் ஓர் இடத்துக்கு ஓர் இரவு 30 டாலர், ஆறு பேர் வரை தங்கலாம். குளிரைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அடிவாரத்தில் அக்டோபர் இரவு சராசரியாக 6 டிகிரி செல்சியஸுக்கு இறங்கும். நல்ல தூக்கப்பையும் அடியில் ஒரு கனமான பாயும் இருந்தால் சமாளிக்கலாம். உண்மையான தொல்லை சாப்பாடுதான். கருங்கரடிகள் குளிர்காலத்துக்கு முன் ஓக் கொட்டைகளைத் தின்று கொழுக்கும் பருவம் அது. மூக்கோ அபாரம். அதனால் அடுப்பு, கூலர், மசாலா டப்பா, பற்பசை உட்பட வாசனையுள்ள அத்தனையையும் ஒவ்வொரு முறையும் காருக்குள் வைத்துப் பூட்ட வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு யாராவது "ஒரு டீ போடலாமா?" என்று கேட்டால் எல்லோரும் அவரை முறைப்பார்கள். பூங்காவின் முகாம்களில் குளியலறையும் கிடையாது. கழிவறையும் குளிர்ந்த தண்ணீர்க் குழாயும் மட்டுமே.

இங்கேதான் டிரெய்லரும் மோட்டார் ஹோமும் மனதை இழுக்கும். இரண்டிலும் அடுப்பு, ஃபிரிட்ஜ், கழிவறை, கரடிக்கு எட்டாத சுவர் எல்லாம் உண்டு. மோட்டார் ஹோமை ஓட்டுவது சுலபம்; சாவியைத் திருப்பினால் கிளம்பிவிடலாம். ஆனால் நிறுத்திய பிறகு அதுதான் வீடு, அதுதான் வண்டி. விடியற்காலையில் மேலே போய் மேகத்தைப் பார்க்க ஆசைப்பட்டால் பாத்திரம் பண்டமெல்லாம் கட்டிவைத்து வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அப்புறம் மேலே அதை நிறுத்த இடம் தேட வேண்டும்.

டிரெய்லரில் அந்தப் பாடு இல்லை. அதைக் கழற்றி வைத்துவிட்டு, இழுத்து வந்த டிரக்கில் கிளம்பிவிடலாம். இந்த மலையில் இது பெரிய விஷயம். பூங்காவுக்குள் நாங்கள் தங்கும் ஸ்மோக்மான்ட் முகாம் கிட்டத்தட்ட 2,200 அடி உயரம். மேலே குவோஹி சிகரம் 6,643 அடி (2024 வரை அதற்குக் கிளிங்மன்ஸ் டோம் என்று பெயர்; இப்போது இந்த மண்ணின் பூர்வகுடிகளான செரோக்கி மக்கள் வைத்த பழைய பெயரே திரும்பிவிட்டது). உச்சிப் பகுதியில் மஞ்சள் பிர்ச்சும் பீச்சும் அக்டோபர் முதல் பாதியிலேயே பழுத்து உதிரத் தொடங்கிவிடும். கீழே மேப்பிளும் ஹிக்கரியும் மாதக் கடைசியில்தான் சிவந்து மஞ்சளாகும். வண்டியில் ஒரு மணி நேரம் மலை ஏறினால் மூன்று வாரத்து இலையுதிர்காலத்தை ஒன்றாகப் பார்த்துவிடலாம். அதற்குக் கையில் சும்மா ஒரு டிரக் வேண்டும்.

சரி, டிரெய்லரின் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம் முன்னால் டிரக்கோடு இணைக்கும் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். பின்பக்கம் கனத்தால் வண்டி வாலாட்டும். ஒரு வருடம் அரிசி மூட்டை, தண்ணீர் கேன், குழந்தை வண்டி எல்லாவற்றையும் பின்பக்கம் அடுக்கிவிட்டோம். நெடுஞ்சாலையில் ஒரு லாரி தாண்டிப் போன காற்றில் பின்னால் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆட ஆரம்பித்தது. ஓட்டிய நண்பன் கால் பிரேக்கைத் தொடவில்லை; ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுத்து, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் லேசாகக் கொடுத்தான். நேரானது. அடுத்த ஓய்விடம் வரை யாரும் வாய் திறக்கவில்லை.

ரிவர்ஸ் எடுப்பது இன்னொரு கூத்து. இருட்டில் நாலு பேர் நாலு டார்ச்சோடு நின்று "லெஃப்ட், லெஃப்ட்!" என்று கத்த, ஓட்டும் நண்பன் தலையை நீட்டி, "உன் லெஃப்டா, என் லெஃப்டா?" பக்கத்து இடத்துப் பெரியவர் எழுந்து வந்து, ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். கை எந்தப் பக்கம் போகிறதோ டிரெய்லரின் பின்பக்கமும் அந்தப் பக்கமே போகும். இரண்டே நிமிடத்தில் உள்ளே போய்விட்டது.

மின்சாரத்தைப் பற்றித்தான் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. ஸ்மோக்மான்ட்டில் கரன்ட் இணைப்பு கிடையாது. ஹீட்டர் புரொபேன் வாயுவில் எரிந்தாலும் அதன் விசிறி பேட்டரியில்தான் ஓடும். எங்களுக்கு வாடகைக்குக் கொடுத்தவரின் பேட்டரி கிழடு. ராத்திரி இரண்டு மணிக்கு விசிறி முனகி நின்றது. ஜெனரேட்டரைக் காலை 8 மணி முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம். போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு கிடந்தோம். பக்கத்துக் கூடாரத்தில் தூக்கப்பைக்குள் இருந்தவர்களின் குறட்டை விடியும்வரை கேட்டது. பூங்காவுக்கு வெளியே, செரோக்கி என்ற ஊர்ப் பக்கத்துத் தனியார் முகாம்களில் கரன்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உண்டு. அடுத்த டிரெய்லரின் டிவி சத்தமும் உண்டு. நாலு இரவுக்கு மேல் என்றால் அங்கே போவேன். இரண்டு இரவென்றால் வேண்டாம்.

"எட்டுப் பேர் தூங்கலாம்" என்று விளம்பரத்தில் போடுவதையும் நம்ப வேண்டாம். சாப்பாட்டு மேசையை மடக்கிப் படுக்கையாக்கிய பின் எட்டு உடல்களைக் கிடத்தலாம். நடுராத்திரியில் ஒருவர் கழிவறைக்குப் போனால் ஏழு பேரும் விழிப்பார்கள்.

எனக்கு டிரெய்லர் என்பது படுக்கையறை அல்ல, பூட்டு போட்ட சமையலறை. சின்னதாக ஒன்று போதும். குழந்தைகளும் முதுகுவலிக்காரரும் உள்ளே, மற்றவர்கள் கூடாரத்தில். இந்த வருடம் அப்படியே முடிவாகி, ஸ்மோக்மான்ட்டில் அடுத்தடுத்து இரண்டு இடம் பதிவாகிவிட்டது. டிரெய்லருக்கு முதல் வேலையாகப் புது பேட்டரி. கிளம்பும் நாளில் கழிவுத் தொட்டியைக் காலி செய்வது யார் என்பதுதான் பாக்கி. போன தடவை செய்தது நான். இந்த முறை சீட்டுக் குலுக்குகிறோம்; என் பெயர் அதில் இல்லை.