1990 சுவசெரிய: திருகோணமலையில கூப்பிட்டுப் பாத்த ஒராளின்ட ரிவ்யூ

சாப்பாட்டுக்கடைக்கும் பைக் கராச்சுக்கும் பக்கம் பக்கமா ரிவ்யூ எழுதுறம், அம்புலன்சுக்கு ஒருத்தரும் எழுதுறதில்ல. மார்க்க முதலே சொல்லிடுறன், அஞ்சுக்கு நாலரை. அரை எங்க போச்சு எண்டு பிறகு சொல்றன்.

தெரியாதாக்களுக்கு ஒருக்கா சொல்லிப்போட்டுப் போறன். இலங்கையில போன்ல 1990 எண்டு அடிச்சா வாற அம்புலன்ஸ்தான் சுவசெரிய, சதம் காசு இல்ல, தமிழ் சிங்களம் இங்கிலிஷ் மூண்டிலயும் கதைக்கலாம். 2016 ஜூலையில இந்தியா குடுத்த உதவியில 88 வாகனத்தோட மேல் மாகாணத்திலயும் தென் மாகாணத்திலயும் தொடங்கினது, அதுக்கு ஓடித்திரிஞ்சவர் அரசியல்வாதி ஹர்ஷ டி சில்வா. 2018 ஜூலையில யாழ்ப்பாணத்துக்கு வந்து, அதுக்குப் பிறகுதான் எங்கட கிழக்குப் பக்கம் எட்டிப்பாத்தது. அதே 2018ல தனிச் சட்டம் போட்டு இத ஒரு மன்றமா ஆக்கிட்டாங்கள், ஆக்கள் நினைக்கிற மாதிரி ஒரு கட்சியின்ட திட்டமோ ஆஸ்பத்திரியின்ட வாகனமோ இல்ல. அதுக்கு முதல் எங்கட ஆக்களுக்கு என்ன இருந்தது? பக்கத்து வீட்டு வான், இல்லாட்டி ஓட்டோ. கிண்ணியாப் பக்கத்து ஆக்களிட்ட கேட்டுப் பாருங்கோ, 2009ல பாலம் திறக்கும் வரைக்கும் வருத்தக்காரர ஏத்தின வாகனம் எண்டாலும் பாதை, அதாவது தண்ணியக் கடக்கிற மிதவை, வரும் வரைக்கும் கரையில நிண்டுதான் ஆகணும்.

எங்கட வீட்டு விசயத்துக்கு வாறன். மாமா, அதாவது மனுசியின்ட அப்பா, அலஸ்தோட்டத்தில இருக்கிறவர், சுகரும் பிரஷரும் உள்ள ஆள். ராச்சாப்பாடு முடிஞ்சு கொஞ்ச நேரத்தில நெஞ்ச அமத்துற மாதிரி இருக்கு, இடக்கை பாரமா இருக்கு எண்டவர், பாத்தா சேட் முழுக்க வேர்வை. மாமி ஓமத்தண்ணி எடுத்துக்கொண்டு வாறா, பக்கத்து வீட்டு அண்ணன் இது வாய்வுதான் நடந்தாச் சரியாயிடும் எண்டு மாமாவ எழுப்பி நடத்தப் பாக்கிறார், இன்னொராள் ஓட்டோவ ஸ்டார்ட் பண்ணி கேற்றடிக்குக் கொண்டுவந்திட்டார். எல்லாரும் நல்ல மனசோடதான் செய்றது, அதில குறையில்ல. ஆனா அந்த நேரத்தில செய்யக்கூடாததெல்லாம் வரிசையா நடந்துகொண்டிருக்கு. மச்சினிச்சி ஒராள்தான் ஒருத்தரிட்டயும் கேக்காம போன எடுத்து 1990 அடிச்சவ.

இஞ்சதான் எனக்கு இந்த சேவையில ஆகப் பிடிச்ச விசயம். போன் போறது கொழும்புப் பக்கம் ராஜகிரியவில உள்ள கோல் சென்டருக்கு, திருமலைக்கு இல்ல. அங்க தமிழ்ல எடுத்த தங்கச்சி, ஐயோ கெதியா வாங்கோ எண்டு மச்சினிச்சி கத்துறதெல்லாத்தையும் விட்டுட்டு, "அக்கா, முதல்ல எந்த இடம் எண்டு சொல்லுங்கோ, கிட்ட என்ன கோயில், என்ன ஸ்கூல்" எண்டுதான் கேட்டவ. பிறகு ஆளுக்கு எத்தின வயசு, முழிப்பா இருக்கிறாரா, மூச்சு எப்பிடி வாங்கிறார், என்ன வருத்தம் முந்தி இருந்தது. நாங்க நினைச்சது இவ்வளவு கேள்விக்கும் பதில் சொல்லி முடிச்ச பிறகுதான் வாகனம் வெளிக்கிடும் எண்டு, அதுதான் எல்லாருக்கும் கடுப்பு வாறது. அப்பிடி இல்ல. இந்த மாதிரி சென்டரில போன் எடுக்கிற ஆளும் வாகனத்த அனுப்புற ஆளும் வேற வேற. இடம் தெரிஞ்சாப்போல ஒரு பக்கத்தால வாகனம் வெளிக்கிடும், மற்றக் கேள்வியெல்லாம் வாற ஆக்கள் தயாராகிறதுக்கும், அதுவரைக்கும் நீங்க என்ன செய்யணும் எண்டு சொல்றதுக்கும். "நடக்க விடாதேங்கோ, சுவரில சாச்சு இருத்துங்கோ, முழங்கால மடக்கி விடுங்கோ, சாப்பாடு தண்ணி குடுக்காதேங்கோ" எண்டு சொல்லித்தான் எங்கட வீட்டு நடைபயிற்சி நிண்டது. இருநூத்தம்பது கிலோமீட்டர் அளவில தள்ளி இருக்கிற ஒரு பிள்ளையின்ட குரல் செய்த முதல் வைத்தியம் அது, அத ஒருத்தரும் வைத்தியம் எண்டு கணக்கில எடுக்கிறதே இல்ல.

வாகனம் வந்திச்சு, ரெண்டு பேர். ஒராள் ஓட்டுறவர், அவர அங்க பைலட் எண்டுதான் சொல்றது. மற்றவ ஈஎம்டி, அதாவது அவசர மருத்துவ டெக்னீஷியன். பைலட் வெறும் ட்ரைவர் இல்ல எண்டது அண்டைக்குத்தான் விளங்கினது. கேற்றுக்க பின்பக்கமா எடுத்து நிப்பாட்டினவர், போகேக்க திருப்பத் தேவையில்ல எண்டு, ஸ்ட்ரெச்சர இறக்கினது, கூட நிண்ட ஆக்கள ஓரமாக்கினது, தூக்கிறதுக்கு எங்களில ரெண்டு பேர தெரிஞ்சு எடுத்து எங்க பிடிக்கணும் எண்டு காட்டினது எல்லாம் அவர்தான். சிங்கள ஆள், தமிழ் அரைவாசிதான் வரும், "ஐயா பயம் வேணாம், மெதுவா" எண்டது மட்டும் சுத்தமா வந்தது, அது காணும்.

ஈஎம்டி பிள்ளைக்கு இருவத்தஞ்சு வயசு கூட இருக்காது. மாமா அந்த நோவிலயும் "நீங்க டொக்டரா பிள்ளை?" எண்டு கேட்டவர். "இல்ல ஐயா, டொக்டரிட்ட உங்கள கவனமாக் கொண்டுபோய் சேக்கிற ஆள்" எண்டவ. பேச்சுக்கு இடையில பிரஷர் பாத்து, விரல் நுனியில ரத்தத்தில ஒக்சிஜன் எவ்வளவு எண்டு காட்டுற கிளிப் மாட்டி, சுகர் குத்திப் பாத்து, எந்த மருந்துக்கும் அலர்ஜி இருக்கா, வயித்தில புண் இருக்கா, ரத்தம் மெல்லிசாக்கிற குளிசை போடுறீங்களா எண்டெல்லாம் கேட்டு முடிச்சிட்டா. சென்டரில இருக்கிற டொக்டரோட போன்ல கதைச்சுத்தான் அஸ்பிரின் குடுத்தவ, அதையும் விழுங்க விடேல்ல, சப்பச் சொன்னவ, சப்பினா கெதியா ரத்தத்தில சேருமாம். எங்கட பக்கத்து வீட்டு அண்ணன் "ஒக்சிஜன் போடுங்கோ, ஒக்சிஜன் போடுங்கோ" எண்டு ஒரே கத்து. அவ கிளிப்ப காட்டி, 97 நிக்குது, ஒக்சிஜன் இப்ப தேவையில்ல எண்டவ. நான் பிறகு தேடிப் பாத்தன், அதுதான் சரி, ரத்தத்தில ஒக்சிஜன் நல்லா இருக்கிற ஹார்ட் அட்டாக்காரருக்கு சும்மா மாஸ்க் மாட்டுறதால நன்மை இல்ல எண்டு இப்பத்த வழிகாட்டலெல்லாம் சொல்லுது. சுத்தி நிண்டு பத்துப் பேர் கத்தேக்க வேண்டாம் எண்டு சொல்றதுக்கு மாஸ்க்க மாட்டுறதவிடக் கூடத் துணிவு வேணும்.

டொக்டர் ஏன் வரேல்ல எண்டு மாமி இப்பவும் கேக்கிறா. நியாயமான கேள்வி. பிரான்சில பெரிய கேசுக்கு டொக்டரே வாகனத்தில வருவார், முடிஞ்ச வைத்தியத்த வீட்டிலயே தொடங்குவாங்கள். அமெரிக்கா பிரிட்டன் வழி வேற, படிப்பிச்சு எடுத்த டெக்னீஷியனும் பராமெடிக்கும் வந்து ஆள நிலைப்படுத்தி கெதியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறது. சுவசெரிய ரெண்டாவது வழி, இந்தியாவின்ட 108 அம்புலன்ஸ் சேவைய நடத்தின ஆக்கள்தான் இதயும் தொடக்கிவிட்டவங்கள், முதல் செட் ஈஎம்டிமாருக்கு ட்ரெய்னிங் ஹைதராபாத்தில. ஈஎம்டி எண்டா அடிப்படை: மூச்சு, ரத்தம், எலும்பு முறிவு, பிரசவம், சிபிஆர் (இதயம் நிண்டா நெஞ்ச அமத்தி மூச்சு குடுக்கிறது). பராமெடிக் எண்டது அதுக்கு மேல ஒரு படி, அவங்கள் ஈசிஜி வாசிப்பாங்கள், நரம்பில மருந்து ஏத்துவாங்கள், தொண்டைக்க குழாய் விடுவாங்கள், அமெரிக்காவில ஈஎம்டிக்கு படிப்பு 150 மணித்தியாலம் அளவில எண்டா பராமெடிக்குக்கு ஆயிரத்தத் தாண்டும். எங்கட ஆக்கள் எல்லாரையும் சேத்து "அம்புலன்ஸ்காரர்" எண்டு ஒரு பேர வச்சிருக்கினம்.

இந்த வேலையே புதுசு எண்டது எனக்கு ஆச்சரியம். ஹார்ட் அட்டாக்கில சாகிறவங்களில கன பேர் முதல் ஒரு மணித்தியாலத்துக்குள்ள, ஆஸ்பத்திரி வாசல காணாமலே சாகினம் எண்டத பாத்துட்டு, பெல்பாஸ்டில பான்ட்ரிட்ஜ் எண்ட டொக்டர் 1966ல ஷொக் குடுக்கிற மெஷின அம்புலன்சில ஏத்தி வீட்டுக்கே அனுப்பத் தொடங்கினவர். அடுத்த வருசம் பிட்ஸ்பர்க்கில ஃப்ரீடம் ஹவுஸ் எண்டு ஒண்டு, வேலைவெட்டி இல்லாம இருந்த கறுப்பினப் பொடியங்களுக்கு முறையா படிப்பிச்சு அம்புலன்சில விட்டாங்கள், அதுக்கு முதல் அங்க பொலிஸ் வாகனத்தில அள்ளிப்போட்டுக் கொண்டுபோறதுதான் வழக்கம். ஆக அமெரிக்காவுக்கே அறுவது வருசக் கதைதான், நாங்க 2016ல தொடங்கினதுக்கு ஆகவும் வெக்கப்படத் தேவையில்ல.

ஆஸ்பத்திரியில ஈடியு (அவசர சிகிச்சைப் பிரிவு) வாசல்ல நடந்தத யாரும் கவனிக்க மாட்டினம், நான் கவனிச்சன். ஈஎம்டி பிள்ளை அங்க நிண்ட டொக்டரிட்ட வயசு, எத்தினை மணிக்கு நோ தொடங்கினது, என்ன குடுத்தது எத்தினை மணிக்கு, பிரஷர் முதல் எவ்வளவு இப்ப எவ்வளவு எண்டு மூச்சு விடாம சொல்லி பேப்பரும் குடுத்தவ. ஒரு நிமிசம் கூட எடுக்கேல்ல. ஓட்டோவில போயிருந்தா இதையெல்லாம் நாங்க ஆறு பேர் ஆறு விதமா சொல்லியிருப்பம். மாமா இப்ப நல்லா இருக்கிறார், உப்புப் போதாது எண்டு மாமியோட சண்டை பிடிக்கிற அளவுக்கு.

இனி அந்த அரை மார்க். பின்னுக்கு ஒரே ஒரு ஈஎம்டிதான். இதயம் நிண்டுபோன ஆளுக்கு நெஞ்ச நிமிசத்துக்கு நூறு தரத்துக்கு மேல, அஞ்சு சென்டிமீட்டர் ஆழம் பதியிற மாதிரி அமத்தணும், அத ஓடுற வாகனத்துக்க ஒராள் தனிய எவ்வளவு நேரம் செய்யிறது, ரெண்டு நிமிசத்தில கை சோர்ந்திடும். மற்றது தூரம். டவுன், உப்புவெளி, உவர்மலை எண்டா பரவாயில்ல. குச்சவெளி முப்பது கிலோமீட்டருக்கு மேல, வெருகல் அதவிடத் தூரம், கிட்ட நிக்கிற வாகனம் வேற கேசில போயிருந்தா அடுத்தது எங்கயிருந்து வரும்? இது வாகனத்தில வாற ஆக்களின்ட குறை இல்ல, கூட வாகனமும் கூட ஆளும் வேணும் எண்ட கணக்கு. ப்ரைவேட் ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும் எண்டும் கேக்கேலாது, பொருத்தமான கிட்டடி அரசாங்க ஆஸ்பத்திரிதான். ஒரு ஆஸ்பத்திரியில இருந்து இன்னொண்டுக்கு மாத்துறதுக்கோ கிளினிக் போய்வாறதுக்கோ இத கூப்பிடாதேங்கோ, அது இவங்கட வேலை இல்ல, நீங்க சும்மா கூப்பிடுற நேரம் வேற எங்கயோ ஒருத்தருக்கு நெஞ்சு அடைச்சுக்கொண்டிருக்கும்.

அந்த தூரத்த நிரப்ப வேண்டியது நாங்கதான், அதில எங்கட ஊருக்கு மார்க் போட்டா ரெண்டுக்கு மேல போட மாட்டன். நிலாவெளி பக்கம் கடல்ல மூழ்கினவர கரைக்கு எடுத்தா இப்பவும் முதல் வேலை வயித்த அமத்துறது, இல்லாட்டி தலைகீழாப் பிடிச்சு ஆட்டுறது. தண்ணி வெளிய வரட்டுமாம். உண்மையில அதால வயித்தில உள்ளது மூச்சுக்குழாய்க்க போகும். மூழ்கினவருக்கு இல்லாமப் போனது காத்து, மூச்சு இல்லாட்டி முதல்ல வாயால காத்து ஊதி, பிறகு நெஞ்ச முப்பது தரம் அமத்தி ரெண்டு தரம் ஊதி, வாகனம் வரும் வரைக்கும் விடாம செய்யணும். கிண்ணியா குறிஞ்சாக்கேணியில 2021 நவம்பர்ல மிதவை கவிழ்ந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் செத்துப்போன பிறகு கூட ஸ்கூல்களில இத ஒழுங்கா பழக்கிறாங்கள் எண்டு நான் கேள்விப்படேல்ல. தம்பலகாமம் வயல் பக்கம் பாம்பு கடிச்சா கால இறுக்கிக் கட்டுறது, பிளேட்டால கீறுறது, அதுவும் அப்பிடியே இருக்கு. கட்டவும் வேண்டாம் கீறவும் வேண்டாம், மோதிரம் கொலுசு கழட்டி, கால ஆட்டாம வச்சு, 1990 அடிங்கோ. மரத்தால விழுந்தவர, பைக் அக்சிடன்ட்காரர கழுத்தப் பாக்காம தூக்கி ஓட்டோவுக்க மடிச்சு வைக்கிறதப் பத்தி எழுதினா எனக்கு பிரஷர் ஏறும், விடுறன்.

கூப்பிடப்போறவங்களுக்கு கடைசியா. வாய் ஒரு பக்கம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினா அது பாரிசவாதம், படுத்தாச் சரிவரும் எண்டு விடாதேங்கோ, ரத்தக் கட்டி கரைக்கிற ஊசி போடுறதுக்கு தொடங்கினதிலயிருந்து நாலரை மணித்தியாலம்தான் கணக்கு, அதால எத்தினை மணிக்கு தொடங்கினது எண்டத ஒராள் எழுதி வையுங்கோ. கிளினிக் கொப்பி, குளிசைப் பை, அடையாள அட்டை மூண்டையும் ஒரு பையில போட்டு எல்லாருக்கும் தெரிஞ்ச இடத்தில மாட்டி வையுங்கோ. நாயக் கட்டுங்கோ. ராவில எண்டா ஒராள் டோர்ச்சோட சந்திக்கு வந்து நிக்கட்டும், எங்கட ஒழுங்கைகளுக்கு பெயர்ப்பலகை இல்ல, போன் மெப்பில (வரைபடத்தில) எல்லா வீடும் ஒரே இடத்தில நிக்கும். அடிச்ச நம்பர ஓஃப் பண்ணாதேங்கோ, அவங்கள் வழி கேக்க அதுக்குத்தான் திரும்ப எடுப்பாங்கள். மாமி ஆயிரம் ரூபா தாள பைலட்டின்ட கைக்க திணிக்கப் பாத்தவ, அவர் வாங்கேல்ல, வற்புறுத்தினாலும் வாங்க மாட்டாங்கள், அதால அந்த வேலையும் உங்களுக்கு இல்ல.