175-லிருந்து 195: பழைய அலாய் வீலில் அகல டயர், 38,000 கிலோமீட்டருக்குப் பிறகு

என்னுடைய கார் 2012 மாடல் ஹோண்டா சிட்டி. ஷோரூமிலிருந்து வரும்போது அதில் இருந்தது 175/65 ஆர்15 டயர்; அதாவது அகலம் 175 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், உள்ளே 15 அங்குலச் சக்கரம். 118 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அந்த அகலம் போதாது என்பதை எனக்குக் காட்டியது வால்பாறைச் சாலை. ஆழியாற்றைத் தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மழை நாளில் வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தினாலே முன்சக்கரங்கள் பிடி விட்டுச் சுழலும். கார் வளைவுக்கு வெளியே நழுவப் பார்க்கும். பின்சீட்டில் அம்மா கைப்பிடியை இறுகப் பற்றிக்கொள்வார்.

2020-இல் டயர் மாற்றும் நேரம் வந்தது. அலாய் வீல் நன்றாக இருந்ததால் அதை மாற்றும் எண்ணம் இல்லை. முதலில் போன கடையில், “205/65 போடுங்கள், வண்டி கம்பீரமாக நிற்கும், எந்தப் பிரச்சினையும் வராது” என்றார்கள். நல்லவேளையாக, வழக்கமாக அலைன்மென்ட் செய்துதரும் பெரியவரிடம் ஒரு வார்த்தை கேட்டேன். “சக்கரத்தின் முதுகைப் பாருங்கள் தம்பி. டயரின் அகலத்தை முடிவு செய்வது அதுதான்” என்றார். ஒரு சக்கரத்தைக் கழற்றித் திருப்பி, உள்பக்கத்து பிரேக் தூளைத் துணியால் துடைத்தார். ஆரக்கால் ஒன்றின் பின்னால் 15×5½ஜே என்ற எழுத்து புடைத்துத் தெரிந்தது. எட்டு வருடம் ஓட்டிய காரில் அதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

15 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம். ஐந்தரை அங்குலம் என்பது டயரின் இரு விளிம்புகளும் உட்காரும் இடத்துக்கு நடுவே உள்ள அகலம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் எந்த அகல ரிம் முதல் எந்த அகல ரிம் வரை பொருந்தும் என்று டயர் நிறுவனங்களின் அட்டவணையில் இருக்கும். நான் தேர்ந்தெடுத்த 195/60 ஆர்15-க்கு அது ஐந்தரை முதல் ஏழு அங்குலம். அதாவது என் ரிம் அந்த வரம்பின் கீழ் விளிம்பில் நிற்கிறது. பொருந்தும், ஆனால் இதற்கு மேல் அகலம் கூட்ட எனக்கு மனம் வரவில்லை. குறுகிய ரிம்மில் மிக அகலமான டயரைத் திணித்தால் பக்கச்சுவர்கள் உள்நோக்கி இழுபட்டு, டயர் நடுவில் உப்பிக்கொள்ளும். நடுப்பகுதி சீக்கிரம் தேயும். ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் டயர் ஒரு கணம் நெளிந்த பிறகுதான் கார் திரும்பும். அகலத்துக்காகக் கொடுத்த பணம் அங்கேயே வீணாகிவிடும்.

அடுத்தது உயரம். பழைய டயரின் மொத்த விட்டம் 608.5 மில்லிமீட்டர். 195/60-க்கு 615; ஒரு சதவீதம்தான் கூடுதல். கடைக்காரர் சொன்ன 205/65-க்கோ 647.5. ஆறு சதவீதத்துக்கு மேல் வித்தியாசம்! மீட்டர் 80 காட்டும்போது கார் முன்பைவிட ஐந்து கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். நண்பர் ஒருவர் தன் காரில் இப்படித்தான் அளவு மீறிப் போட்டார். ஐந்து பேர் ஏறி வேகத்தடையில் இறங்கினால் மட்கார்டின் உட்புறம் உரசும். அந்த பிளாஸ்டிக்கில் பளபளவென்று தேய்ந்த பிறை வடிவத் தடத்தை அவரே எனக்குக் காட்டினார். எடை தாங்கும் எண்ணையும் பார்க்க வேண்டும். பழையது 84, அதாவது ஒரு டயருக்கு 500 கிலோ. புதியது 88, 560 கிலோ. இந்த எண் குறைந்தால் அந்த டயர் வேண்டவே வேண்டாம்.

மிச்செலின் எக்ஸ்எம்2 நான்கு வாங்கினேன். தயாரிப்பு வாரத்தைச் சொல்லும் நான்கு இலக்கங்களைப் பார்த்துத்தான் எடுத்தேன். 2320 என்றிருந்தால் 2020-இன் 23-ஆவது வாரம்.

முதல் நாளே உணர்ந்தது பிரேக்கை. அவசரமாக மிதித்தால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்-இன் அதிர்வு முன்பைவிடத் தாமதமாகத்தான் காலில் தட்டுகிறது. வால்பாறை வளைவுகளில் முன்பக்கம் சொன்ன பேச்சைக் கேட்கிறது. அம்மா இப்போது அட்டகட்டி வருவதற்குள் தூங்கிவிடுகிறார். அகல டயர் என்றால் குலுங்கும் என்று பயந்திருந்தேன். அப்படி இல்லை. 195-இல் 60 சதவீதம் என்பது 117 மில்லிமீட்டர் பக்கச்சுவர். பழையதைவிட மூன்று மில்லிமீட்டர் கூடுதல்.

இழந்ததையும் சொல்லியாக வேண்டும். நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 17 கிடைத்த இடத்தில் இப்போது 16 கிடைக்கிறது. நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங் ஒரு பொட்டு கனம். அதைவிட முக்கியம், தேங்கிய மழைநீர். அதே எடை, அதே காற்றழுத்தம் என்றால் சாலையில் பதியும் பரப்பும் ஏறக்குறைய அதேதான். அதன் வடிவம்தான் மாறுகிறது, அகலம் கூடி நீளம் குறைகிறது. அகலமான முகத்துக்கு விலக்க வேண்டிய தண்ணீரும் அதிகம். ஓர் ஐப்பசி மழையில் கோவை–பொள்ளாச்சி சாலையில் 90-இல் வந்தபோது, நீர் தேங்கிய இடத்தில் ஸ்டீயரிங் சட்டென்று காற்றில் சுழல்வதுபோல் லேசாகிப்போனது. ஒரு நொடிதான். பழைய டயரில் இதே இடத்தை இதே வேகத்தில் எத்தனையோ முறை கடந்திருக்கிறேன். இப்போது மழை என்றால் 70-ஐத் தாண்டுவதில்லை.

காற்று 33 பிஎஸ்ஐ வைக்கிறேன். அது சரிதானா என்று அறிய டயரின் முகத்தில் குறுக்காக ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, தெருக்கோடி வரை நேராக ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு. முதலில் 36 வைத்திருந்தேன். கோடு நடுவில் அழிந்து இரு ஓரமும் வெள்ளையாகவே நின்றது. 33-இல் ஒரே சீராக அழிந்தது. அந்தச் சோதனையால்தான் 38,000 கிலோமீட்டருக்குப் பிறகும் தேய்மானம் சமமாக இருக்கிறது என்று நம்புகிறேன்.

நான் செய்த தவறு ஸ்டெப்னியில். பழைய 175-ஐயே டிக்கியில் விட்டுவைத்தேன். உடுமலை அருகே முன்சக்கரம் பஞ்சரானபோது அதை அப்படியே முன்னால் மாட்டினேன். ஒரே அச்சில் இரு விட்டம், இரு பிடிமானம். கார் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே வந்தது. நல்ல பின்சக்கரத்தை முன்னால் போட்டு, ஸ்டெப்னியைப் பின்னால் மாட்டியிருக்க வேண்டும். பஞ்சர் கடை வரை 40-இல் உருட்டிக்கொண்டு போனேன்.

டயரின் பள்ளத்தில் 1.6 மில்லிமீட்டர் உயர எச்சரிக்கைக் கட்டையைத் தொட இன்னும் இரண்டு மில்லிமீட்டர் இருக்கிறது. வரும் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே மாற்றிவிடுவேன். அளவு அதே 195/60 ஆர்15. இந்த முறை நான்கல்ல, ஐந்து வாங்குகிறேன்.