முதுகிலா, கேரியரிலா? குடும்ப சைக்கிள் பயணத்தின் மூட்டைக் கணக்கு

பெங்களூரில் நாங்கள் கிளம்பும் அல்சூரிலிருந்து ஹெசரகட்டா ஏரி ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பெங்களூருக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவருவதற்காக 1894-இல் அர்க்காவதி ஆற்றில் கட்டப்பட்ட அந்த ஏரிக்கு, ஒரு நாள் தங்கித் திரும்பும் திட்டத்துடன் நாங்கள் நால்வரும் இருமுறை சென்றோம். முதல்முறை சுமை முழுவதும் முதுகுப்பைகளில் இருந்தது. அடுத்தமுறை கேரியரின் இருபுறமும் தொங்கும் பானியர் பைகளில் ஏறியது.

முதுகுப்பையின் பலம், அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்பதுதான். சைக்கிளில் எதையும் பொருத்த வேண்டியதில்லை. டீக்கடையில் இறங்கினால் பையும் கூடவே இறங்கிவிடும். ஆனால் எலகங்காவைத் தாண்டுவதற்குள் சட்டையின் முதுகுப்பக்கம் நனைந்து ஒட்டிக்கொண்டது. குனிந்த நிலையில் தோளும் கழுத்தும் தாங்கும் கனம், நடக்கும்போது தெரியும் கனத்தைவிடக் கூடுதலாகவே தெரிகிறது. பிள்ளைகள் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளிப் பையின் எடை குழந்தையின் எடையில் பத்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கை சொல்கிறது. அப்படியானால் 26 கிலோ எடையுள்ள எட்டு வயது மகனுக்கு உச்ச அளவே இரண்டரைக் கிலோதான். ஒன்றரை லிட்டர் தண்ணீரும் ஒரு மாற்றுடையும் வைத்தாலே அந்த அளவை நெருங்கிவிடும்.

பானியரில் கனம் சக்கர அச்சின் உயரத்துக்கு இறங்கிவிடுவதால் வண்டி தள்ளாடுவதில்லை. கேரியரின் மேல் ஒரே மூட்டையாக வைத்து ரப்பர் கயிற்றால் இறுக்கும் நம் பழைய வழியில் இந்த நன்மை கிடைக்காது; மேடு ஏறும்போது மூட்டை ஒருபுறம் சரிந்தால் வண்டியும் அந்தப் பக்கமே இழுக்கும். எனினும் பானியருக்கென்று சில நிபந்தனைகள் உண்டு. கேரியரைத் திருகிப் பொருத்துவதற்கான துளைகள் சட்டத்தில் இருக்க வேண்டும். பின்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளுக்குச் சாதாரண கேரியர் ஒத்துவராது. மகனுடைய 20 அங்குலச் சக்கர வண்டியில் பெரிய பையைத் தொங்கவிட்டால் அடிப்பகுதி தரையை உரசப் பார்க்கும். எனக்குப் பொருத்தித் தந்த கடைக்காரர் பையைச் சற்று முன்னால் மாட்டிவிட்டதால், ஒவ்வொரு மிதிக்கும் குதிகால் பையில் இடித்தது. அதை இரண்டு அங்குலம் பின்னால் தள்ளிய பிறகே நிம்மதி. பாதி வழியில் ஒரு திருகும் தளர்ந்தது. கிளம்புமுன் திருகுகளை நாமே ஒருமுறை முடுக்கிப் பார்ப்பதே நல்லது.

எந்தப் பையானாலும் உள்ளே போக வேண்டியவற்றில் அதிக யோசனை கேட்பது ட்யூப்தான். மகனுக்கு 20 அங்குலம், மகளுக்கு 24, மனைவிக்கு 26, எனக்கு 700சி எனப்படும் பெரிய சக்கரம் என்று எங்கள் வீட்டில் நான்கு சக்கர அளவுகள் இருப்பதால், அளவுக்கு ஒன்றாக நான்கு ட்யூப்கள் தேவைப்படுகின்றன. என் ட்யூபின் வால்வு மட்டும் மெல்லிய பிரெஸ்டா. மற்ற மூன்றிலும் மோட்டார் சைக்கிளில் இருப்பது போன்ற தடித்த ஷ்ரேடர். ஊர்ப்புறப் பங்க்சர் கடையின் காற்றுக்குழாய் பிரெஸ்டாவில் பொருந்தாது என்பதால், விரல் நகத்தளவே உள்ள பித்தளை அடாப்டர் ஒன்றை என் வால்விலேயே திருகி வைத்திருக்கிறேன். பையில் போட்டால் அது தேடும்போது அகப்படாது.

உடைகளைப் பற்றி நீளப் பேச ஒன்றுமில்லை: ஆளுக்கு ஒரு மாற்றுடை, அதைச் சுற்ற ஒரு பிளாஸ்டிக் உறை. மழைச்சட்டை மட்டும் எப்போதும் மேலே இருக்க வேண்டும், ஏனெனில் பெங்களூர் மழை பையைக் கிளறும் அவகாசத்தைத் தருவதில்லை. சாப்பாட்டுக்குத் தயிர்சாதத்தைவிடப் புளியோதரையே வெயிலைத் தாங்கும்.

இப்போது பானியர் என் வண்டியில். மகளுக்கு ஹேண்டில்பாரில் ஒரு சிறு பை. மகனுக்குத் தண்ணீர் பாட்டில் மட்டும். மனைவி இன்னும் முதுகுப்பையை விடவில்லை. ஹெசரகட்டா சாலையின் குழிகளில் பானியருக்குள் குலுங்கிய வாழைப்பழம் என்ன ஆனது என்பதை நேரில் பார்த்தவர் அவர்.