க்வாண்ட் பாவித்த அனுபவம்: 1, 0 என்றால் எந்தப் பக்கம்?

வவுனியாவில் பௌதிகவியல் படிக்கும் தம்பி ஒருவர், "அண்ணை, இறுதி வருட ஆய்வுக்கு க்வாண்ட் பழகலாமா?" என்று கேட்டிருந்தார். மறுமொழி நீண்டுவிட்டது, அதனால் எல்லாருக்குமாக எழுதுகிறேன். க்வாண்ட் என்பது மிகச் சிறிய அமைப்புகளில் இலத்திரன் கடத்தலைக் கணிக்க, பைதான் கணினி மொழியில் எழுதிய இலவசத் தொகுப்பு. 2014இல் கட்டுரையாக வந்தது.

முதலில் எரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். அமைப்போடு பூட்டிய கம்பி முனைகளுக்கு 0, 1 என்று எண் இருக்கும். ஒரு முனையிலிருந்து இன்னொன்றுக்கு இலத்திரன் எவ்வளவு கடக்கிறது என்று தரும் கட்டளையை ட்ரான்ஸ்மிஷன்(1, 0) என்று கண்டால் 1இலிருந்து 0க்கு என்றுதானே வாசிப்போம்? இல்லை. 0ஆம் முனையில் புகுந்து 1ஆம் முனையில் வெளியேறுவதைத்தான் அது கணிக்கிறது. புகும் அலையையும் வெளியேறும் அலையையும் இணைக்கும் சிதறல் தாயத்தில் நிரை வெளியேறுவதற்கு, நிரல் உட்புகுவதற்கு. அந்த மரபின்படி நியாயமான ஒழுங்குதான். ஆனாலும் இத்தனை வருடம் பாவித்த பிறகும் அந்த வரியில் கை நிற்கிறது.

மாற்றி எழுதினால் உடனே தெரிந்தாலாவது பரவாயில்லை. இரண்டே முனை உள்ள அமைப்பில், காந்தப்புலம் இருந்தாலும், இரு திசைக்கும் ஒரே விடைதான் வரும். புகுந்த இலத்திரன் எங்காவது வெளியேறியே ஆகவேண்டும் என்பதால் வேறு வழியில்லை. மூன்றாவது முனையைப் பூட்டிக் காந்தப்புலத்தையும் கொடுத்தால்தான் இரண்டும் பிரியும். இயற்பியலாளர் பட்டிகர் 1986இல் தந்த பல்முனைச் சமன்பாட்டுக்கு வரும் மாணவர் அங்கேதான் மாட்டுவார். லீட்_அவுட் (வெளியேறும் முனை), லீட்_இன் (புகும் முனை) என்று பெயரோடு எழுத இடமிருக்கிறது. எப்போதும் அப்படியே எழுதுங்கள்.

அப்புறம், ஒடுங்கிய கம்பி. 1988இல் டெல்ஃப்டிலும் கேம்பிரிட்ஜிலும் பரிசோதனையில் கண்ட கடத்துதிறன் படிக்கட்டு, கிளிநொச்சியில் என் பழைய மடிக்கணினியில், ஒரு திரைக்குள் அடங்கும் கணினிக் குறியீட்டில் வந்துவிடுகிறது. திறந்த பாதை ஒன்றுக்கு 1 என்ற கணக்கில், சக்தியைக் கூட்டக் கூட்ட வரைபு 1இல் தட்டையாக ஓடும், சட்டென்று 2க்கு ஏறும், பிறகு 3. இலத்திரனின் இரு ஸ்பின் நிலைகளையும் சேர்த்தால் முதல் படியில் தடை 12,906 ஓம். கம்பியில் ஒரு மாசும் இல்லை, எதிலும் மோதவில்லை, ஆனாலும் தடை பூச்சியமில்லை! கடத்தலை இலத்திரன் கடந்துபோகும் அளவாகப் பார்க்கலாம் என்று லாண்டவர் 1957இல் தொடக்கிவைத்த சிந்தனை எங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். தொகுப்பை ஒருமுறை நிறுவினால் இணைய டேட்டாவும் தேவையில்லை. கரண்ட் போனாலும் பற்றரியிலேயே முடிந்துவிடும்.

ஆனால் தம்பியின் ஆய்வுத் தலைப்பில் "சமநிலையற்ற" என்று இருக்கிறது. இரணைமடு வாய்க்கால் சீராக ஓடும்போது எவ்வளவு தண்ணீர் போகிறது என்பது மாதிரியான கேள்விக்குத்தான் க்வாண்டில் விடை உண்டு. துருசு திறந்த கணத்தில் என்ன நடந்தது என்பதற்கு டீக்வாண்ட் என்ற தனித் தொகுப்புக்குப் போகவேண்டும். இலத்திரன்கள் ஒன்றையொன்று தள்ளுவதும் க்வாண்டின் கணக்கில் சேராது. அதற்குக் கெல்டிஷின் கிறீன் சார்புகளும் (ஓரிடத்தில் விட்ட இலத்திரன் இன்னோரிடத்தை எப்படி அடைகிறது என்று சொல்பவை), மெயரும் விங்ரீனும் 1992இல் எழுதிய ஓட்டச் சூத்திரமும் வேண்டும்.

சரி, பழகலாமா? நான் நாளைக்கும் இதைத்தான் திறப்பேன். ஆனால் தம்பி, நீங்கள் இப்போது தொடவேண்டாம். அந்த 1, 0ஐ நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது, அதுவும் ஒரு காரணம். முதலில் ஒரு பரிமாணச் சங்கிலிக்குக் கிறீன் சார்பை நீங்களே எழுதுங்கள். மாசில்லாத சங்கிலியில், பட்டைக்குள், அதாவது இலத்திரனுக்கு அனுமதியுள்ள சக்தி வீச்சுக்குள், எந்தச் சக்திக்கும் விடை 1 வரவேண்டும். அது வந்த பிறகு நிறுவுங்கள்.