மாட்டுக் கொலாஜனா, பிளாஸ்டிக் நுரையா?

ஆழமான தீக்காயத்தில் மேல்தோலோடு அதன் அடியில் இருக்கும் தடித்த அடித்தோலும் வெந்துபோகிறது. தொடையிலிருந்து மெல்லிசாகத் தோல் சீவி ஒட்டலாம்தான். உடம்பில் பாதி வெந்தவருக்குச் சீவ இடம் எங்கே இருக்கிறது? அடுத்தவர் தோலை ஒட்டினால் தங்காது. 1943-இல் கிளாஸ்கோவில் உயிரியலாளர் பீட்டர் மெடாவரும் அறுவை மருத்துவர் தாமஸ் கிப்சனும் எழுதிய அறிக்கை இதைக் காட்டியது. தீக்காயப்பட்ட ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலை ஒட்டினார்கள். முதல் ஒட்டு கொஞ்ச நாள் தாங்கியது. அதே சகோதரரிடமிருந்து எடுத்து இரண்டாம் முறை ஒட்டியது அதைவிட வேகமாக அழிந்தது. உடம்பு முதல் ஒட்டை ஞாபகம் வைத்திருந்தது.

அப்படியானால் உயிருள்ள செல்லே இல்லாத ஒன்றை வைத்தால்? இன்று ஆழமான காயத்துக்கு எதிரெதிரே நிற்கும் இன்டெக்ரா, பிடிஎம் (BTM) என்ற செயற்கை அடித்தோல்கள் இரண்டும் இந்தக் கணக்கில் பிறந்தவை. இரண்டிலும் மேலே நீர் வற்றாமலும் கிருமி புகாமலும் காக்க ஒரு சவ்வு, கீழே செல்கள் ஏறிக் குடியிருக்க ஒரு பஞ்சு. உடம்பு நடத்தும் விதம்தான் வேறு வேறு.

இன்டெக்ராவை உருவாக்கியவர்கள் பாஸ்டன் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் எம்ஐடி பேராசிரியர் யன்னாஸும். 1981-இல் முடிவுகள் வெளிவந்தன. அமெரிக்க அனுமதி 1996-இல் கிடைத்தது. மாட்டுக் கொலாஜனும் (தோலுக்கு உறுதி தரும் நார்ப் புரதம்) சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த ஒரு சர்க்கரைப் பொருளும் சேர்ந்த பஞ்சு, மேலே சிலிக்கோன். வைத்ததும் காயத்தின் நீர் பஞ்சில் ஊறுகிறது. பிறகு கொலாஜனை நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் நுழைகின்றன, பின்னாலேயே நுண்ணிய ரத்தக் குழாய்கள் வருகின்றன. செல்கள் ஒரு பக்கம் மாட்டுக் கொலாஜனை அரித்துக்கொண்டே மறுபக்கம் சொந்தக் கொலாஜனை நெய்கின்றன. குடியிருந்துகொண்டே வீட்டைப் பிரித்துக் கட்டுவது மாதிரி. மாட்டுப் புரதத்துக்கு எதிராகக் கொஞ்சம் எதிர்ப்பொருள் உண்டாவதுண்டு. அதனால் ஒட்டு கழல்வதில்லை. முதலில் சிவப்பாகத் தெரியும் பரப்பு மூன்று வாரத்தில் வெளிர் மஞ்சளாகிவிடும். அப்போது சிலிக்கோனை உரித்துவிட்டு மிக மெல்லிய சொந்தத் தோலை ஒட்டுவார்கள்.

பிடிஎம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அடிலெய்டு மருத்துவர் ஜான் கிரீன்வுட்டின் முயற்சி. 2 மில்லிமீட்டர் தடிமனான பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கின் நுரை, மேலே ஒட்டிய சவ்வு. மாடும் இல்லை, சுறாவும் இல்லை. இதை உடம்பு தன் இனமாக எடுத்துக்கொள்வதே இல்லை. காலில் ஏறிய முள்ளை எப்படி நடத்துமோ அப்படித்தான் நடத்துகிறது. அந்நியப் பொருளை விழுங்கும் காவல் செல்களான மேக்ரோஃபேஜ்கள் சூழ்ந்து விழுங்கப் பார்க்கும். முடியாதபோது பல செல்கள் ஒன்றாய் இணைந்து ராட்சத செல்களாகி நுரையின் இழைகளைச் சுற்றிக் கிடக்கும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஏதோ தகராறு நடப்பது போலத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காவலுக்கு நடுவிலேயே ரத்தக் குழாய்களும் புதுத் திசுவும் நுரையை நிரப்பிவிடுகின்றன. படுக்கையருகே இதைப் பார்க்க விரலே போதும்: சவ்வின் மேல் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் செம்மை திரும்பினால் ரத்தம் ஓடுகிறது. பிறகு சவ்வை உரித்து, சொந்தத் தோலை ஒட்டலாம். நுரை தண்ணீரால் மெல்லச் சிதைந்து கரைய ஏறக்குறைய ஒன்றரை வருடம் ஆகும். அதோடு ராட்சத செல்களும் ஓய்ந்துவிடும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த முரண். காகிதத்தில் இன்டெக்ராதான் உடம்புக்கு நெருக்கமானது. ஆனால் உடம்பின் செல்கள் கரைக்கக்கூடிய கொலாஜனைக் கிருமியின் நொதிகளும் கரைக்கும். சிலிக்கோனுக்கு அடியில் சீழ் பிடித்தால் பஞ்சு கூழாகிவிடும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்து, மறுபடி முதலிலிருந்து. பிளாஸ்டிக் நுரையில் கிருமிக்குத் தீனி இல்லை. சவ்வைத் துளைத்தோ அந்த இடத்தில் மட்டும் நீக்கியோ சீழை வெளியேற்றிக் கழுவினால், பெரும்பாலும் நுரை தப்பிவிடுகிறது. உறவென்று ஏற்றுக்கொண்டதைவிட அந்நியன் அதிகம் தாக்குப்பிடிக்கிறான்.

அதனால் அழுக்கான காயம், கூட்டமான வார்டு, நோயாளியும் பலவீனம் என்றால் என் ஓட்டு நுரைக்கு. சுத்தமான காயப் படுகையும் நெருக்கமான கண்காணிப்பும் இருக்கும் இடத்தில் இன்டெக்ராவை விட்டுக்கொடுக்க மாட்டேன். பல பத்தாண்டு அனுபவம் சும்மா இல்லை. மாட்டுப் பொருள் வேண்டாம் என்று நோயாளி சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது.

மூன்றாவதாகச் சுப்ராதெலைப் பற்றிச் சிலர் கேட்பார்கள். அது லாக்டிக் அமிலத்தைச் சார்ந்த பாலிமர் படலம், மேலோட்டமான காயத்துக்கானது. அடியில் தோல் வளர்ந்ததும் தானே உரிந்து வரும். இந்தப் பந்தயத்தில் அதைச் சேர்ப்பது சரியல்ல.

எதை வைத்தாலும் வியர்வைச் சுரப்பியும் மயிர்க்காலும் திரும்ப வராது. உடம்பில் பாதிக்கு மேல் இப்படி மூடியவர் வெயிலில் நின்றால், மிச்சமிருக்கும் பழைய தோல்தான் முழு உடம்புக்கும் சேர்த்து வியர்க்க வேண்டும்.