ஆறு வாரம், ஆறு பாக்கெட், ஒரு தராசு

நான் பசிக்குச் சிப்ஸ் தின்கிறவன் இல்லை, சத்தத்துக்குத் தின்கிறவன். மெய்ப்புத் திருத்துவது என் வேலை. ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அது ஓடும். ஒரு பக்கம் முடிந்ததும் கை தானாகப் பாக்கெட்டுக்குள் போகும். 'கறுக்' என்று ஒரு சத்தம் வந்தால்தான் அடுத்த பக்கம் புரளும். போன முறை ரத்த அழுத்தம் 148/94 என்று காட்டியபோது டாக்டர் கேட்டார்: "ராத்திரியில என்ன கொறிக்கிறீங்க?" நான் யோசிப்பதற்குள் கூட வந்த மகள் சொல்லிவிட்டாள்: "சிப்ஸ்தான் டாக்டர். பாக்கெட் பாக்கெட்டா."

விடச் சொன்னதும் விட்டுவிடுகிற ஆளாக இருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒரு வகை என்று ஆறு வாரம் தின்று பார்த்தேன். கம்பெனிப் பெயர் எதையும் சொல்லவில்லை, வகையை மட்டும் சொல்கிறேன்.

முதல் வாரம் வழக்கமான உப்புச் சிப்ஸ்தான். ஒப்பிட ஒரு அளவுகோல் வேண்டுமே. லேபிளில் இருந்தவை மூன்றே பெயர்: உருளைக்கிழங்கு, எண்ணெய், உப்பு. 100 கிராமுக்கு 530 கலோரி, 34 கிராம் கொழுப்பு, 520 மில்லிகிராம் சோடியம். 'ஒரு முறைக்கு 30 கிராம்' என்று போட்டிருந்தார்கள். மகள் சமையலறைத் தராசைக் கொண்டுவந்து, நான் வழக்கமாகக் கொட்டிக்கொள்ளும் கிண்ணத்தை வைத்துப் பார்த்தாள். 90 கிராம். "அப்பா, இது மூணு ஆளோட பங்கு." கணக்குப் போட்டால் ஏறக்குறைய 30 கிராம் கொழுப்பு, 470 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் முழுவதற்கும் சேர்த்தே 2,000 மில்லிகிராம் சோடியத்துக்கு உள்ளே நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்பாகச் சொன்னால் 5 கிராம். அதில் கால்வாசிக்குக் கிட்டத்தட்ட என் ராத்திரிக் கிண்ணத்திலேயே போய்விடுகிறது. லேபிளில் சோடியம் என்று மட்டும் இருந்தால் இரண்டரையால் பெருக்குங்கள், உப்பின் எடை கிடைத்துவிடும்.

இரண்டாம் வாரம் 'கெட்டில்' வகை. தடிமனான சீவல், மடங்கிய ஓரம், முரட்டு மொறுமொறுப்பு. பாக்கெட்டின் முரட்டுக் காகிதத்தையும் மங்கிய எழுத்தையும் பார்த்தால் ஏதோ தோட்டத்திலிருந்து நேராக வந்ததுபோல இருக்கும். கொழுப்பு 31 கிராம். அவ்வளவுதான் வித்தியாசம். தனித்தனி ஈடாகப் பொரிப்பதற்குத்தான் அந்தப் பெயர், எண்ணெய் குறைவு என்பதற்கு இல்லை. சத்தத்துக்கு மட்டும் மதிப்பெண் போடுவதானால் இதற்குத்தான் முதலிடம்.

மூன்றாவது, சுட்ட சிப்ஸ். கொழுப்பு 12 கிராமுக்கு இறங்கியதும் எனக்குக் கொண்டாட்டம். பிறகு பொருள் பட்டியலைப் படித்தேன். உருளைக்கிழங்குத் துகள், மாவுச்சத்து, சர்க்கரை, அப்புறம் ஒரு நீண்ட வால். இது கிழங்கைச் சீவிச் சுட்டது இல்லை, மாவாகப் பிசைந்து தட்டிச் சுட்டது. சோடியமோ சாதாரணச் சிப்ஸைவிடக் கூடுதல், 600. கடித்தால் சத்தம் வருகிறது, ஆனால் அட்டையை உடைப்பதுபோல. கொழுப்பு ஒன்றுதான் உங்கள் கவலை என்றால் வாங்கலாம். எனக்கு உப்பும் கவலை.

நான்காவதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகவே எழுதுகிறேன். 'காய்கறி' என்று முகப்பில் பெரிய எழுத்து, பச்சை, ஆரஞ்சு, மஞ்சள் என்று குச்சி குச்சியாகச் சிப்ஸ். பொருள் பட்டியலில் எடை அதிகமானதுதான் முதலில் வரும். முதலில் வந்தது உருளைக்கிழங்கு மாவுச்சத்து, இரண்டாவது உருளைக்கிழங்கு மாவு, மூன்றாவது எண்ணெய். பசலைக்கீரைப் பொடியும் தக்காளி விழுதும் உப்புக்குப் பக்கத்தில் எங்கோ கிடந்தன. நிறம் கொடுக்க மட்டும் வந்தவை. மெய்ப்புத் திருத்துகிறவனுக்குத் தலைப்பும் உள்ளடக்கமும் பொருந்தாவிட்டால் தூக்கம் வராது.

ஐந்தாவது, நிஜமாகவே காயைச் சீவிப் பொரித்த பீட்ரூட், சர்க்கரைவள்ளிக் கலவை. பீட்ரூட்டின் வளையங்கள் கண்ணாடித் துண்டுபோல ஒளி புகும் அழகு. நார்ச்சத்தும் கூடுதல். ஆனால் கொழுப்பு 35 கிராம்! காரணம் எளிது. சீவலில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியே போக, அந்த இடத்துக்கு எண்ணெய் வருகிறது. வாணலியிலிருந்து எடுத்து ஆறும்போதுதான் பெரும்பகுதியை அது உறிஞ்சும். கிழங்கானாலும் காயானாலும் இதே கதைதான். போதாததற்குத் திருத்தப்படியின் 212ஆம் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை சிவப்பாகப் பதிந்துவிட்டது.

ஆறாவது, பருப்பு மாவில் அழுத்தமும் சூடும் கொடுத்துப் பொரியவைத்த சிப்ஸ். நான் நம்பிக்கையே இல்லாமல் திறந்த பாக்கெட் இது. உள்ளே சின்னச் சின்னக் காற்றறைகள். கடித்ததும் ஒரே சத்தமாக உடையாமல் படபடவென்று தொடராக உடைகிறது. 100 கிராமுக்கு 17 கிராம் கொழுப்பு, 12 கிராம் புரதம். பட்டியலில் முதலில் பருப்பு மாவே இருந்தது. காற்று நிறைய இருப்பதால் 30 கிராமுக்கே கிண்ணம் நிரம்பித் தெரிகிறது. கண்ணை ஏமாற்றுவதுதான், இருக்கட்டும். ஒரு எச்சரிக்கை: இதே வகையில் சீஸ் சுவை போட்டதை அடுத்து வாங்கினேன். சோடியம் 780. மசாலா தூவாத உப்புச் சுவைதான் எடுக்க வேண்டும்.

சத்தத்துக்காகத் தின்பது என் ஒருவனுடைய பைத்தியம் என்று நினைத்திருந்தேன். சிப்ஸ் கடிக்கும் சத்தத்தை ஹெட்போனில் மாற்றி ஒலிக்கவிட்டு, சத்தம் கூடும்போது அதே சிப்ஸைப் புதியது, மொறுமொறுப்பானது என்று ஜனங்கள் சொல்வதை மாசிமிலியானோ ஸாம்பினி, சார்லஸ் ஸ்பென்ஸ் என்ற இருவர் ஆராய்ந்து 2004இல் வெளியிட்டிருக்கிறார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் என்ற வேடிக்கைப் பரிசும் அதற்கு 2008இல் கிடைத்தது. காது சொல்வதைத்தான் நாக்கு கேட்கிறது.

கடைசியில் வீட்டிலேயே ஓவனில் செய்து பார்த்தோம். முதல் ஈடு படுதோல்வி. குளிர்பெட்டியில் கிடந்த கிழங்கை எடுத்தேன். ஓரம் கருகி, நடுவெல்லாம் கரும்பழுப்பாகி, கசந்தது. குளிரில் கிழங்கின் மாவுச்சத்து கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரையாக மாறிவிடும். சூட்டில் அந்தச் சர்க்கரைதான் அப்படிக் கறுக்கிறது. கறுப்பு மட்டும் இல்லை. 120 டிகிரிக்கு மேல் அந்தச் சர்க்கரையும் கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் சேர்ந்து அக்ரிலமைடு உண்டாகிறது, புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்று சந்தேகிக்கப்படும் ஒரு வேதிப்பொருள். உணவில் அது இருப்பதை 2002இல் ஸ்வீடனில் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இது தெரிந்ததிலிருந்து கடைச் சிப்ஸிலும் கரும்பழுப்புத் துண்டுகளை ஒதுக்கிவிடுகிறேன். முன்பெல்லாம் அவற்றைத்தான் தேடித் தின்பேன்.

இரண்டாம் ஈட்டுக்கு வெளியில் வைத்திருந்த கிழங்கு, 200 கிராம். கண்ணாடித் தாள் அளவுக்குச் சீவி, அரை மணி நேரம் தண்ணீரில் போட்டு, துணியில் ஒற்றி, ஒரே ஒரு டீஸ்பூன் எண்ணெயில் புரட்டி, ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பினோம். ஈரம் ஒற்றுவதில் அவசரப்பட்டால் வேகும், மொறுமொறுக்காது. பொன்னிறம் வந்ததும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் ஆவதில்லை, அதுதான் இதில் தொல்லை. ஆறியபின் நிறுத்தால் 46 கிராம். நாங்கள் போட்ட எண்ணெய் 5 கிராம்தான், ஆக நூற்றுக்குப் பதினொன்று. உப்பை ஆறியபின் மேலே தூவினால் கொஞ்சமே போதும், நேராக நாக்கில் படுகிறது.

இப்போது வேலை நாட்களில் பருப்புச் சிப்ஸ், 30 கிராம், தராசில் வைத்துத்தான். பாக்கெட் மேசைக்கு வராது. மனசு கேட்காத நாளில் பழைய மூன்று பெயர்ச் சிப்ஸையே அதே 30 கிராம் எடுத்துக்கொள்கிறேன். பொய் சொல்லும் குச்சியைவிட அது மேல். ஞாயிற்றுக்கிழமை ஓவன். அதை நன்றாக ஆறவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வைத்தால் இரண்டு நாள் தாங்கும், மூன்றாம் நாள் நமுத்துவிடும். மூன்றாம் நாள் வரை மிஞ்சியது ஒரே ஒரு தடவைதான், அன்று நான் ஊரில் இல்லை.